நாலு விரல்

மேல்விஷாரத்தில், தோல் மண்டிக்குப் பின்னால்,
தகரக் கொட்டகைக்குள் இரண்டு குவாட் பைக் நிற்கின்றன.
மஞ்சள், அகலமானது. மணலில் சாயாது.
கறுப்பு, ஒடுங்கியது. கல்லுக்குள் நுழையும்.
இரண்டுக்கும் நம்பர் பிளேட் கிடையாது,
ரோட்டில் இறக்கக் கூடாது,
குட்டியானையில் ஏற்றித்தான் கூட்டிப்போகணும்
மாப்பிள்ளை மாதிரி, என்கிறார் சமியுல்லா.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பதினோரு வருஷமாக வேலூரின் எலும்புகளைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
காரை எலும்பு முறிந்து வருபவன்
எந்தப் பக்கம் விழுந்தான், என்ன வண்டி என்று
பேர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன்.
மாவுக்கட்டு அறை எபிநேசர் சிரித்தார்:
"சுகிர்தா, உனக்கு மட்டும் பாதி விலையில் கட்டு."
பிறகு சிரிக்காமல் சொன்னார்:
"கவிழ்ற மாதிரி இருந்தா காலை மட்டும் ஊனிடாதே.
ஸ்கூட்டியில அது புத்தி.
இதுல உன் காலு மேல உன் பின்சக்கரமே ஏறிப் போகும்."

கால் ஊன்றுவது இருபது வருஷப் பழக்கம்.
சிக்னலில், பள்ளத்தில், பஸ்காரன் உரசிப்போகையில்.
முடியாது என்று வாயால் சொல்லியிருக்க வேண்டிய
சில இடங்களிலும்.

துப்பட்டாவை எடுத்தேன். அதில் இரண்டு முடிச்சு.
ஒடுகத்தூர் தாண்டி மாந்தோப்பு ஓரப் பாதையில்
இரண்டு பாறைகளுக்கு நடுவே பிடித்து அளந்தது.
அன்றைக்குக் கையில் டேப் இல்லை.
மஞ்சளின் முன்சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன்.
நாலு விரல் வெளியே நின்றது.
கறுப்பு அடங்கியது,
ஒரு வளையல் நுழையும் இடம் மிச்சம் வைத்து.

சமியுல்லா துப்பட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பாறையா மணலா, முடிவு பண்ணிடுங்கம்மா.
ரெண்டுக்கும் ஒரே வண்டின்னா
ரெண்டுலயும் அது பாதி வண்டி."

பாலாற்றில் இறக்கினோம்.
ஆறு என்பது பேர். மணலும் சீமைக்கருவேலமும்,
லாரிகள் தோண்டிவிட்டுப் போன குழிகளும்,
குழிகளுக்குப் பக்கத்தில் ஆள் உயர மேடுகளும்.
முதலில் மஞ்சள், துடுப்பு டயரோடு.
சோபாவில் உட்கார்ந்தபடி மேடு ஏறினேன்.
குறை சொல்ல ஒன்றும் இல்லை.
இறங்கும்போது கொட்டாவி வந்தது.

பிறகு கறுப்பு.
கட்டைவிரலில் ஆக்ஸிலேட்டர். விட்டால் புதைகிறது,
அழுத்தினால் மூக்கைத் தூக்குகிறது.
சரிவில் குறுக்கே போகையில்
மேட்டுப் பக்கத்துச் சக்கரம் இரண்டும்
லேசாவது முதுகில் தெரிந்தது.
கால் தானாகக் கீழே போனது.
இழுத்து மேலே வைத்தேன்.
வைத்துவிட்டு இடுப்பைத் தூக்கி மேட்டுப் பக்கம் போட்டேன்,
தோளை, தலையை,
கத்தியதையும் அந்தப் பக்கமே கத்தினேன்.
சக்கரம் இறங்கியது.
வண்டியில் குறைந்த அந்த நாலு விரல்
என்னிடம் இருந்திருக்கிறது.

கறுப்புக்கு இருபதாயிரம் அட்வான்ஸ்.
துடுப்பு டயர் ஒரு ஜோடி தனியாக,
பேரம் பேசி, எழுந்து போய், திரும்பி வந்து பேசி.

புதன்கிழமை வண்டி வரணும்.
செவ்வாய் ராத்திரி பேரணாம்பட்டுக்கு அப்பால் மலையில் மழை.
காலையில் விருதம்பட்டுப் பாலத்தின் மேல் ஊரே நிற்கிறது.
ஆறு வந்திருக்கிறது. டீ கலரில், நுரைத்துக்கொண்டு,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் கூட்டிக்கொண்டு.
கீழே மேல்விஷாரம் வரை இந்நேரம்
என் மேடு ஒன்றுகூட இருக்காது.
ஒருத்தி கற்பூரம் காட்டுகிறாள். பையன்கள் விசிலடிக்கிறார்கள்.
எபிநேசர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்.
லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் வளர்ந்தவள் நான்,
'இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருக்கலாம்' என்று
நினைத்துவிட்டேன்.
யார் முகத்தையும் பார்க்காமல் நினைத்தேன்.

போன் அடித்தது. சமியுல்லா.
"குட்டியானை கிளம்பிடுச்சு. எங்கம்மா இறக்கணும்?"
தண்ணீர்ச் சத்தத்தில் இரண்டு தடவை கத்தினேன்:
ஒடுகத்தூர். மாந்தோப்பு. பாறைக்கு இந்தப் பக்கம்.